கூடத்தில் நடந்த கீப் பாடம்

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், சரக்கு லைனை ஒட்டிய கரிச்சாம்பல் மேட்டில் என் கணவர் நிற்கிறார். காக்கிச் சட்டை. கக்கத்தில் சுருட்டிய பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும். வாயைத் திறக்கிறார், மூடுகிறார், மறுபடியும் திறக்கிறார். சத்தம் மட்டும் வரவில்லை.

இந்தப் பக்கம் பிளாட்பாரத்தின் ஓரத்தில் நான். எனக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி, பெஞ்சில், மடியில் கருவாட்டுக் கூடையை வைத்துக்கொண்டு என் மாமியார்.

"கேக்கல" என்றார் அத்தை.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன், ஐம்பதுகளில் ஏதோ ஒரு வருடம், மழை ஓய்ந்த மாதம். இப்போது அந்தப் பக்கம் போகிறவர்களுக்குப் புகைபோக்கிகளும் ஷிப்டுக்கு ஓடுகிற கூட்டமும்தான் தெரியும். அன்றைக்குப் பனைமரமும் உப்புக் காற்றும்தான் ஊர். ரயிலை விட்டு இறங்கினால் முதலில் கருவாட்டு வாசனை வந்து விசாரிக்கும், அப்புறம்தான் மனிதர்கள்.

அவர் வாயிலிருந்து வர வேண்டியது இங்கிலீஷ். அது உரக்க வராவிட்டால் எங்களுக்கு வீடு இல்லை. வராமல் போனதற்கு முழுக் காரணம் திருவள்ளூரில் இருந்த எங்கள் வீட்டுக் கூடம். அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அதனால் அவர் கொஞ்ச நேரம் அந்தச் சாம்பல் மேட்டிலேயே நிற்கட்டும்.

சொம்பு மட்டும் நேராகப் போகும்

போன வாரம் என் கல்யாணப் பந்தியில் சாம்பார் தீர்ந்துபோன கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். "அந்தக் காலத்துல புருஷனும் பெண்டாட்டியும் பகல்ல பேசிக்கவே மாட்டீங்களாமே. அப்புறம் எப்படி ஒருத்தரை ஒருத்தர் புரிஞ்சிக்கிட்டீங்க?" என்று கேட்டாள்.

அவள் தன் புருஷனோடு நாள் முழுக்கப் பேசுகிறவள். அவர்கள் பேசுவது எங்கள் வீட்டுச் சுவருக்கும் கேட்கும். புரிந்துகொண்ட மாதிரி தெரியவில்லை. அதை அவளிடம் நான் சொல்லவில்லை, காப்பி கொடுத்து அனுப்பினேன்.

அவள் கேட்டது நிஜம்தான். திருவள்ளூரில் நான் வாழப்போன வீட்டில், பெரியவர்கள் எதிரில் மருமகள் புருஷனோடு நேருக்கு நேர் பேசக் கூடாது. அவருக்குத் தண்ணீர் வேண்டுமா என்று நான் அத்தையிடம் கேட்பேன். அத்தை அவரிடம் கேட்பார். அவர் அத்தையிடம் சொல்வார், அத்தை என்னிடம் சொல்வார். சொம்பு மட்டும் என் கையிலிருந்து நேராக அவர் கைக்குப் போகும்.

அவர் பெயர் துளசிங்கம். கும்மிடிப்பூண்டியில் பாயிண்ட்ஸ்மேன். வருகிற வண்டிக்குக் கொடி காட்டுவதும், வண்டி எந்த லைனில் போக வேண்டுமோ அதற்கேற்பத் தண்டவாளத்தை மாற்றிவிடுவதும் வேலை. அங்கே இன்னும் இரண்டு பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்தார். குடும்பம் வைக்க இடம் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் பேசின் பிரிட்ஜில் வண்டி மாறித் திருவள்ளூர் வந்தால், ஞாயிறு சாயங்காலம் கிளம்பிவிடுவார்.

இரவில் பேசியிருக்கலாமே என்பீர்கள். நெல் மூட்டை அடுக்கிய அறையை எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த அறைக்குக் கதவு கிடையாது, ஒரு பழைய ஜமுக்காளம் தொங்கும். கூடத்தில் மாமாவின் குறட்டை நின்றால் நாங்கள் மூச்சைக்கூட அடக்கிக்கொள்வோம். கல்யாணமாகி ஆறேழு மாதம் ஆகியும் அவருக்கு என்ன பிடிக்கும் என்பதை அத்தை வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொண்டிருந்தேன். எனக்கு அது பெரிய துக்கமாக இருந்தது.

துரைமார் உதடு அசையாது

ஸ்டேஷனில் குமாஸ்தா இடம் ஒன்று காலியானது. பாயிண்ட்ஸ்மேனும் பரீட்சை எழுதலாம் என்றார்கள். எழுத்துப் பரீட்சை ஒன்று, அதிகாரி எதிரில் உட்கார்ந்து பேசுகிற வாய்ப் பரீட்சை ஒன்று. தேறினால் வேலையோடு, ஸ்டேஷனை ஒட்டிப் பூட்டிக் கிடந்த ஓட்டு வீடும் கிடைக்கும். குவார்ட்டர்ஸ்.

பரீட்சை இங்கிலீஷில். அவர் எட்டாவதோடு நின்றவர். நான் மிஷன் பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். ரயில்வே உத்தியோகம் என்று தரகர் சொன்னதும் என் அப்பாவுக்கு வேறெதுவும் காதில் ஏறவில்லை, கொடுத்துவிட்டார். அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை.

"அவ படிச்சவதானே. அவளே சொல்லிக் குடுக்கட்டும்" என்று முதலில் சொன்னது அத்தைதான்.

மாமா அரிசி ஆலையில் மேஸ்திரி. நாள் முழுக்க இயந்திரச் சத்தத்தில் நிற்பவர். வீட்டுக்கு வந்தால் எறும்பு ஊர்வதுகூடக் கேட்க வேண்டும். "அதெப்பிடி? எல்லார் எதிர்லயும் அவ புருசங்கூட பேசிக்கினு இருப்பாளா?" என்றார்.

"பேசறது எங்க, படிக்கிறதுதானே. இங்கியே கூடத்துல ஒக்காந்துக்கினு படிக்கட்டும். நாம இருக்கோம்ல."

மாமா யோசித்தார். பிறகு மகனைப் பார்த்து, "சரி. ஆனா மெதுவா. மில்லுக்கு வந்த தொரை இங்கிலீசு பேசறப்ப நான் பாத்துருக்கேன். ஒதடுகூட ஆடாது. இங்கிலீசுன்னா அப்பிடித்தான் பேசணும்" என்றார்.

"சரி நைனா" என்றார் இவர், உதடு அசையாமல்.

சனிக்கிழமை விளக்கேற்றியதும் பாடம். அவர் தூணுக்கு அருகில், நான் அடுக்களை நிலைப்படிக்கு அருகில். நடுவில் அரிக்கேன் விளக்கு. நான் சுவரைப் பார்த்துச் சொல்வேன். அவர் தன் முழங்காலைப் பார்த்துத் திருப்பிச் சொல்வார். விளக்குக்குப் பாடம் நடக்கிறது என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்.

கீப்

மிஷன் பள்ளியில் எங்களுக்கு இங்கிலீஷ் எடுத்த டீச்சருக்குப் பெரிய வார்த்தைகள் பிடிக்காது. 'டேக், கெட், கீப் என்று நாலைந்து சின்ன வார்த்தைகளைச் சிநேகம் பிடித்துக்கொள்ளுங்கள், அவை உங்களை ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கும்' என்பார். அதனால் நானும் கீப்பில் ஆரம்பித்தேன்.

அந்த வார்த்தையைப் போல உழைக்கிற வார்த்தையை நான் பார்த்ததில்லை. கோழி வளர்த்தால் கீப். கடை நடத்தினால் கீப். ரகசியத்தை வெளியே விடாவிட்டாலும், சொன்ன சொல் தவறாவிட்டாலும் கீப். தெருவில் இடது பக்கமாகப் போவது, ரயில் நேரத்துக்கு வருவது, தயிர் புளிக்காமல் இருப்பது, ஒருத்தரைக் காக்க வைப்பது, ஒருத்தருக்காக எடுத்து வைப்பது, ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பது எல்லாமே கீப். உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பதற்கும் அதே கீப்தான்.

"இதுக்கு இன்னாதான் வேலை இல்ல?" என்றார் அவர் முழங்காலிடம். "எங்க டேஷன்ல என்னிய வேலை வாங்கற மாதிரி இருக்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடுக்களைப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள் அத்தையைத் தனியாக அழைத்து, "இன்னா, ஒங்க ஊட்ல சனிக்கிழமையானா கீப்பு கீப்புன்னு பேச்சு கேக்குது. யாரு வச்சிக்கினு இருக்காங்க?" என்று கவலையோடு கேட்டாள். அத்தை அவளோடு ஒரு மாதம் பேசவில்லை.

முதல் சில வாரங்கள் பாடப் புத்தகத்தில் இருந்த வாக்கியங்கள்தான். 'கீப் டு தி லெஃப்ட்.' 'தி ஃபார்மர் கீப்ஸ் எ டாக்.' பிறகு ஒரு சனிக்கிழமை. அந்த வாரம் வீட்டில் அதிரசம் சுட்டிருந்தோம். வந்தவர் போனவர் தின்று தீர்த்தார்கள். ஒன்றை மட்டும் நான் ஒளித்து வைத்திருந்தேன். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? அத்தை வழியாகச் சொல்கிற விஷயமா அது?

சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஐ கீப் ஒன் அதிரசம் ஃபார் யூ இன் தி ரைஸ் பாட்" என்றேன்.

அவர் திருப்பிச் சொல்ல வாயெடுத்தார். நின்றார். கல்யாணமான பிறகு பகல் வெளிச்சமோ விளக்கு வெளிச்சமோ எதிலும் நேராகப் பார்க்காத மனிதர், அன்றைக்கு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். கண் எல்லாம் சிரிப்பு.

"இன்னாடா, வரலியா?" என்றார் கட்டிலிலிருந்து மாமா.

"வந்துட்ச்சி நைனா" என்றார் அவர். கொஞ்ச நேரத்தில் கைகழுவப் போகிற மாதிரி அரிசிப் பானைப் பக்கம் போய் வந்தார். வாய் அசைந்துகொண்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை, நான் கேட்காமலே அவர் ஒரு வாக்கியம் சொன்னார். தயார் செய்துகொண்டு வந்திருக்கிறார் போல. விரல் விட்டு ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார். "ஐ கீப் யுவர் ரிப்பன் இன் மை பாக்ஸ்."

ஆடி மாதத்திலிருந்து என் நீல ரிப்பனைத் தேடிக்கொண்டிருந்தேன். கிணற்றடி, கொல்லை, துணி மூட்டை ஒன்று விடவில்லை. 'காக்கா தூக்கியிருக்கும்' என்று அத்தைகூடச் சொன்னார். அது கும்மிடிப்பூண்டியில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்திருக்கிறது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் எழுந்துபோய் அடுப்பில் விறகைத் தள்ளினேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அதற்கப்புறம் எங்கள் பாடம் வேறு பாடமாகிவிட்டது. 'ஐ கீப் லுக்கிங் அட் தி கேலண்டர்' என்பார் அவர். 'யூ கெப்ட் மீ வெயிட்டிங்' என்பேன் நான், அவர் ஒரு வாரம் வராமல் போனதற்காக. 'ஹவ் ஆர் யூ கீப்பிங்?' என்று அவர் கேட்டால், அடுக்களைப் புகையில் எனக்கு வந்த இருமல் நின்றதா என்று அர்த்தம். எல்லாரும் பார்க்க, எல்லாரும் கேட்க, நாங்கள் பேசிக்கொண்டோம். மாமா கட்டிலில் சாய்ந்து ரசித்துக் கேட்பார். மகன் படிப்பில் இவ்வளவு கருத்தாக இருப்பான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

அத்தையிடம்தான் எனக்குப் பயம். அவர் அடுக்களையிலிருந்து கூடத்துக்கு வருகிற சத்தம் கேட்டாலே, மெட்டி ஒலி பக்கத்தில் வரும் முன்னால், வாய்க்குள்ளேயே "கீப் கொயட்" என்பேன். இவர் உடனே நிறுத்திவிடுவார். அத்தை கூடத்தைத் தாண்டிப் போனதும் மறுபடியும் தொடங்கும்.

ரகசியம் பேச ஆள் வேண்டாம்

எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டார். வாய்ப் பரீட்சைக்கு மதராசுக்குப் போனார். அன்று சாயங்காலமே நேராகத் திருவள்ளூர் வந்தார். செருப்பைக் கழற்றிய விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னாடா ஆச்சி?" என்றார் மாமா.

"கேக்கலைன்ட்டாரு நைனா."

"இன்னா கேக்கலையாம்?"

"நான் பேசனது. எல்லாம் கரெக்டாதான் சொன்னேன். அவரு காதுல கைய வச்சிக்கினு, ஒரக்க பேசு, ஒரக்க பேசுன்றாரு. பெரியவரு எதிர்ல எப்பிடி கத்தறது? கடைசில, ரயில்வேல ரகசியம் பேச ஆள் வோணாம், போன்ல அடுத்த டேஷனுக்குக் கேக்கற மாதிரி பேசத்தான் ஆள் வோணும்ன்ட்டாரு."

நான் நிலைப்படிக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை அவர். நாங்கள் கூடத்தில் எப்படிப் பழகினோமோ அப்படியே பேசியிருக்கிறார். முழங்காலைப் பார்த்து, உதடு அசையாமல், பக்கத்து அறையில் அத்தை அப்பளம் பொரித்துக்கொண்டிருப்பது போல. அதிகாரி வயசில் பெரியவர் என்பதால் இன்னும் குரலைத் தாழ்த்தியிருக்கிறார். இங்கிலீஷ் என்றால் இப்படித்தான் பேசுவது என்று அவர் மனசார நம்பியிருந்தார். நானும்தான் நம்பியிருந்தேன்.

பொங்கல் கழித்து இன்னொரு முறை கூப்பிடுவார்கள். அதிலும் தவறினால் வேறு ஸ்டேஷன் ஆள் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவார். வீடும் அவருக்கே.

"உடு. கொடி புடிக்கிறது இன்னா கேவலமா" என்றார் மாமா. "பாடமும் போதும்."

வேலை போனதைவிட, பாடம் போதும் என்றதுதான் என்னை அடித்தது. அந்த விளக்கடியும் போய்விட்டால் எங்களுக்கு என்ன இருக்கிறது? அடுப்படியில் உட்கார்ந்து ஊதுகுழலை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். புகையென்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அத்தை வந்து என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். எரிகிற அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்புள்ள, ஒரக்க பேசறதுக்கும் நீயே சொல்லிக் குடுக்கறதுதானே?"

"கூடத்துலயா அத்தே?"

"ஊட்ல முடியாது. அவுரு ஒத்துக்க மாட்டாரு." விறகை உள்ளே தள்ளினார். "டேஷன் இன்னா நம்ம ஊடா?"

கருவாடு வாங்கப் போனோம்

மாமாவிடம் சொன்னது, கும்மிடிப்பூண்டியில் பழவேற்காட்டுக் கருவாடு நன்றாக இருக்கும், மருமகளைத் துணைக்கு அழைத்துப் போகிறேன் என்று. மாமாவுக்குக் கருவாடு என்றால் வேறு கேள்வி கிடையாது.

பேசின் பிரிட்ஜில் வண்டி மாறினோம். மீஞ்சூர் தாண்டும்வரை அத்தை கரித்தூள் கண்ணில் விழாமல் முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். பிறகு, வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனுக்குக் கல்யாணம் ஆன புதுசுல ஒங்க மாமா எங்கூட பேசனதே இல்ல. கொல்லையில யாரோ கூப்புடறாங்கன்னு ஒருவாட்டி ஓடிப்போயி பாத்தேன். அவருதான் யாருகிட்டயோ பேசிக்கினு இருக்காரு. அவரு கொரலுன்னே எனுக்குத் தெரியல."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வளையலை நகர்த்துவது போலக் கையை எடுத்துக்கொண்டார்.

ஸ்டேஷனில் இறங்கியதும் முதல் வேலையாகக் கருவாடு வாங்கினார். பொய் சொன்னதாக இருக்கக் கூடாதாம். பிறகு, டூட்டி முடித்துவிட்டு எங்களைப் பார்த்துத் திகைத்து நின்ற மகனைக் கூப்பிட்டார்.

"டே தொளசி. நீ தண்டவாளத்துக்கு அந்தாண்ட போயி நில்லு. இவ இங்கேந்து கேப்பா. நீ அங்கேந்து சொல்லு. எனுக்குக் கேட்டா கையத் தூக்கறேன்."

"ம்மா, ஜனங்க இருக்காங்கம்மா."

"அந்த ஆபீஸரு ஜனம் இல்லியா? போ."

பிளாட்பாரத்தில் உலர்ந்த இறால் மூட்டைகள் மேல் பழவேற்காட்டு வியாபாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். போர்ட்டர் ஒருவர். வண்டிக்குக் காத்திருந்த ஏழெட்டுப் பேர். அலுவலக வாசலில் ஸ்டேஷன் மாஸ்டர்.

முதலில் கேள்வி கேட்க வேண்டியவள் நான். புகுந்த வீட்டுக்கு வந்த பிறகு நான் குரலை உயர்த்தியது கோழி விரட்டத்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, "டஸ் தி ட்ரெயின் கீப் டைம்?" என்று கத்தினேன். பாதியில் குரல் உடைந்து கீச்சென்று போனது.

"இன்னாம்மா, ஏலமா?" என்று வியாபாரி திரும்பிப் பார்த்தார்.

"பரீச்சை, பாய். எம்புள்ளைக்கு" என்றார் அத்தை.

"அப்ப நல்லா ஒரக்கக் கேளும்மா" என்று அவர் தன் மூட்டைமேல் வசதியாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

இந்த இடத்தில்தான் அவரைச் சாம்பல் மேட்டில் விட்டுவிட்டு வந்தேன். வாயைத் திறப்பதும் மூடுவதுமாக நிற்கிறார். காது சிவந்திருப்பது இங்கிருந்தே தெரிகிறது.

சரக்கு வண்டி

"கேக்கல" என்றார் அத்தை.

நான் மறுபடியும் கேட்டேன். அவர் உதடு அசைந்தது.

"கேக்கல."

என் மனசு நொந்துபோனது. ஸ்டேஷனுக்குப் பக்கவாட்டில் அந்தப் பூட்டிய வீடு தெரிந்தது. வாசலில் ஒரு முருங்கை, காய்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. பறிக்க ஆள் இல்லை. அந்த முருங்கைக்காயை வேறு எவளோ வந்து பறித்துக் குழம்பு வைக்கப் போகிறாள் என்று நினைத்தபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது. அவர் மேல், மாமா மேல், அந்த மில்லுக்கு வந்த துரை மேல்.

அப்போது கூடூர் பக்கத்திலிருந்து சரக்கு வண்டி ஒன்று வந்தது. நிற்காத வண்டி. இன்ஜின் தடதடவென்று எங்களுக்கு நடுவில் புகுந்தது. அதன் பின்னால் பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. பிளாட்பாரமே அதிர்ந்தது. பெட்டிகளின் இடைவெளியில் அவர் முகம் தெரிந்து தெரிந்து மறைந்தது.

ஒவ்வொரு முறை தெரியும்போதும் அவர் வாய் இன்னும் பெரிதாகத் திறந்திருந்தது.

வண்டிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று தைரியம் வந்திருக்கிறது. என்னவோ கத்துகிறார். கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறார். கொடிகளைக் கீழே போட்டுவிட்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டிருக்கிறார். அதனால்தான் கடைசிப் பெட்டி கடந்து போனது அவருக்குத் தெரியவில்லை. கார்டு கொடியை ஆட்டிக்கொண்டே தாண்டிப் போய்விட்டார், சத்தம் பட்டென்று ஓய்ந்தது. அந்த அமைதியில், கும்மிடிப்பூண்டி முழுக்கக் கேட்கும்படி அவர் குரல் வந்தது.

"ஐ கீப் யுவர் ரிப்பன் இன் மை பாக்ஸ்."

கண்ணைத் திறந்தார். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை. கனமான, கொஞ்சம் கரகரப்பான குரல். என் புருஷனுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது தெரியாமலே இத்தனை மாதம் அவரோடு குடித்தனம் செய்திருக்கிறேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பின்னால் திரும்பினேன். அத்தை கையைத் தூக்கிக்கொண்டிருந்தார். கருவாட்டுக் கூடை மடியிலிருந்து சரிந்துகொண்டிருந்தது, அதைக்கூடக் கவனிக்கவில்லை.

"கேட்டுது" என்றார். "இதான். இப்பிடித்தான் பேசணும்." பிறகு என்னைப் பார்த்து, "இன்னா சொல்றான்?"

"பெட்டியில சாமான் பத்திரமா இருக்குதுன்றார் அத்தே."

"ம்" என்றார் அத்தை.

அங்கே இங்கிலீஷ் தெரிந்தவர் ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர்தான். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையில் துடைக்கிற மாதிரி உள்ளே திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

அதற்கப்புறம் வெட்கப்பட என்ன இருக்கிறது? நான் கேட்டேன், அவர் சொன்னார். நாங்கள் ஊர் திரும்புகிற வண்டி வரும்வரை தண்டவாளத்துக்கு மேலே கத்திக்கொண்டே இருந்தோம். கேலண்டர், அதிரசம், இருமல் ஒன்று விடவில்லை. நன்றாகக் கேட்கும்போதெல்லாம் அத்தை கையைத் தூக்கினார். அவரோடு சேர்ந்து வியாபாரியும் தூக்க ஆரம்பித்தார்.

நான் செவிடன் இல்லை

பொங்கல் கழித்து அதே அதிகாரி. இவர் உள்ளே போய், வணக்கம் சொன்னாராம். வெளியே இருந்த பியூன் என்னவோ ஏதோ என்று கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டானாம்.

"உக்காருப்பா, நான் ஒண்ணும் செவுடன் இல்லன்னாரு" என்று கூடத்தில் தன் அம்மாவிடம் சொன்னார். என்னிடம் நேராகச் சொல்லக் கூடாதே. நான் நிலைப்படிக்குப் பின்னால். "அப்பறம், சரக்கு வண்டி லேட்டுன்னு அடுத்த டேஷனுக்குச் சொல்லுன்னாரு. சொன்னேன். அங்கியே நேரா கேட்டிருக்கும், போனே தேவையில்லன்னு சிரிச்சிட்டாரு."

"இங்கிலீசு எங்கடா கத்துக்கினேன்னு கேட்டாரா?" என்றார் மாமா பெருமையோடு.

"கேட்டாரு நைனா. ஊட்லன்னேன்."

நிலைப்படிக்குப் பின்னால் நான் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டேன்.

ஜன்னல் ஓரம்

குவார்ட்டர்ஸில் பால் காய்ச்சிய அன்று மாமாவும் அத்தையும் வந்திருந்தார்கள். இரண்டே அறை, சிமெண்டுத் தரை, வண்டி போகும்போதெல்லாம் கிண்கிணென்று பாத்திரம் பேசுகிற அடுக்களை. முருங்கைக்காயை அத்தையே பறித்துக் குழம்பு வைத்தார். அறைகளுக்கெல்லாம் கதவு இருந்தது. நான் ஒவ்வொன்றையும் மூடிப் பார்த்தேன்.

சாயங்கால வண்டிக்கு அவர்கள் கிளம்பினார்கள். மாமா உள்ளே இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டார். அத்தை ஜன்னல் ஓரத்தில். இவர் பிளாட்பாரத்தில் கொஞ்சம் தள்ளி நின்றார், எங்கள் வழக்கப்படி. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அழுகை வரும் போலிருந்தது. போகிறவர் மாமியார், அழுவானேன் என்று எனக்கே புரியவில்லை.

அத்தை குனிந்து, மாமாவுக்குக் கேட்காமல் சொன்னார். "நான் அடுக்களையேந்து வரப்பல்லாம், அவங்கிட்ட ஒண்ணு சொல்லுவியே."

எனக்குத் திக்கென்றது. "இன்னாது அத்தே?"

"கீப் கொயட்டு." அழகாகச் சொன்னார். எங்கள் டீச்சரே குறை சொல்ல மாட்டார். "எப்ப வந்தாலும் அது ஒண்ணு எங்காதுல உழும். அதுக்கு அர்த்தம் எனுக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினியா? நான் வந்தா ரெண்டு பேரும் வாய மூடிக்கிறீங்க. வேற இன்னா அர்த்தம் இருக்கும்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தும்மறதுக்கு ஒண்ணு, இருமறதுக்கு ஒண்ணுன்னு எல்லாத்துக்கும் அந்தக் கீப்பைச் சொல்லிக் குடுத்தே. சரி. அந்த ஒண்ண மட்டும் இனிமே அவங்கிட்ட சொல்லாத." கம்பி மேலிருந்த என் கையை ஒரு தட்டுத் தட்டினார். "பேசுங்க."

வண்டி நகர்ந்தது. அத்தை முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டார். கரித்தூளுக்காகத்தான் இருக்கும்.

வண்டியின் கடைசிப் பெட்டி பனைமரங்களுக்கு அந்தப் பக்கம் போகும்வரை நின்றோம். பிறகு அவர் வீட்டை நோக்கி நடந்தார். பழக்கம், முன்னால் அவர், நாலு ஆள் தூரம் விட்டுப் பின்னால் நான். பார்க்கவும் கேட்கவும் பெரியவர்கள் யாரும் இல்லை. ஆனாலும் இருவருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. உதாரண வாக்கியம் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை.

"ஏங்க" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. அது கூடத்தில் பாடம் சொன்ன குரல்.

பிளாட்பாரத்தில் நின்று மூச்சை இழுத்துக்கொண்டேன்.

"ஏங்க, நில்லுங்க. நானும் கூடவே வர்றேன்."

தமிழில்தான் சொன்னேன். பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்த போர்ட்டர் நிமிர்ந்து பார்த்தார். என் கணவர் நின்றார். திரும்பினார். நான் பக்கத்தில் போய்ச் சேரும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.